தோளைப் பாருங்கள்

முதுகில் ஜெட் இறக்கையைக் கட்டிக்கொண்டு மனிதன் பறக்கும் வீடியோக்களை நம்மில் பலர் அரை நிமிடம் பார்த்து, ‘அடேயப்பா’ சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறோம். படத்தை வெட்டி ஒட்டியவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். முதலில் ஒலியை அணையுங்கள். பின்னணி முரசு ஒலிக்கும்வரை எல்லாப் பறத்தலும் ஒரே வீரமாகத்தான் தெரியும். அப்புறம் மேகம், புகை, கட்டடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பறப்பவரின் தோளில் கண்ணை வையுங்கள்.

காரணம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஈவ் ரோஸி வடிவமைத்த இறக்கையில் திசை திருப்புவதற்கென்று ஒரு பாகமும் கிடையாது. விமான ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறக்கையின் பின்விளிம்பில் தகடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள்; அவை இதில் இல்லை. வால் இல்லை, சுக்கான் இல்லை. கைக்குள் அடங்கும் ஒரு சிறு திருகு மட்டும் உண்டு. எஞ்சின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அது. மற்றதெல்லாம் உடம்பின் வேலை. தலையைத் திருப்பி ஒரு தோளைக் கொஞ்சம் இறக்கினால் அந்தப் பக்கம் திரும்புகிறார். முதுகை வளைத்து நெஞ்சை நிமிர்த்தினால் மேலே ஏறுகிறார். கால்கள்தாம் வால். இது தெரிந்த பிறகு அதே வீடியோவைப் பாருங்கள், வேறு படம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கழுத்தில் ஒரு சின்ன அசைவு தென்படும். சில வேளைகளில் அவர் எங்கே போகப் போகிறார் என்பதை அவர் போவதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடலாம்.

நம் கதைகளில் வானத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் சொகுசாக உட்கார்ந்துதான் போகிறார்கள், விமானத்திலோ கருடன் மேலோ. உடம்பை நீட்டிக் கடல் தாண்டியவர் அனுமன். ரோஸியும் அந்தக் கட்சி. 1959-இல் பிறந்தவர், சுவிஸ் விமானப்படையில் மிராஜ் போர் விமானம் ஓட்டியவர், பிறகு பயணிகள் விமானத்தில் கேப்டன். பொத்தான்களுக்கு நடுவில் காலம் கழித்த ஒருவர்தான் அத்தனையையும் உதறிவிட்டுத் தோளை நம்பினார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம். ஜெட்கேட் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் எஞ்சின்கள் அவை. மாதிரி விமானம் பறக்கவிடும் பொழுதுபோக்குக்காரர்கள் வாங்கும் ரகம். 2008 வாக்கில் அவர் பயன்படுத்திய இறக்கையில் நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் சுமார் 22 கிலோ உந்துவிசை தரும். மொத்தம் 88 கிலோ. எரிபொருள் நிரப்பிய இறக்கை மட்டுமே 55 கிலோ போல வரும். அதோடு ஆளையும் பாராசூட்டையும் சேர்த்தால் 88-ஐ எங்கேயோ தாண்டிவிடும். ஆக, எஞ்சின் அவரைத் தூக்கவில்லை, தள்ளத்தான் செய்கிறது. தூக்குவது இறக்கையின் மேல் ஓடும் காற்று. வேகம் குறைந்தால் காற்று கைவிட்டுவிடும். மணிக்கு 200 கிலோமீட்டருக்குக் கீழே அவருக்குப் பெரிதாக இடமில்லை. அந்தரத்தில் நின்று கையசைப்பதெல்லாம் முடியாத காரியம்.

அந்தரத்தில் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ரிச்சர்ட் பிரௌனிங் கைகளிலும் முதுகிலும் எஞ்சின் மாட்டிக்கொண்டு ஏரி மேல் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இறக்கை இல்லை. வெறும் உந்துவிசையில் நிற்கிறார். திறமைதான், மறுக்கவில்லை. என்றாலும் எனக்கு அதில் பறவை தெரிவதில்லை.

ரோஸி வீடியோவில் தவறவிடக் கூடாதது தன்னை மேலே ஏற்றிச்சென்ற ஹெலிகாப்டரை விட்டு அவர் விழும் கணம். எஞ்சின்கள் மேலேயே உயிர் பெற்றிருக்கும். அவர் கையை விட்டதும் பறப்பதில்லை, கல்லைப் போல விழுகிறார். தலை கீழே. சில நொடிகள் அந்த வீழ்ச்சியே வேகத்தைச் சேர்த்துத் தருகிறது. பிறகு மெல்ல முதுகு வளைகிறது, கீழ்நோக்கிய கோடு படுக்கைக் கோடாகிறது. விழுதல் எந்த நொடியில் பறத்தலாக மாறியது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் விரல் வைக்க முடியாது. இந்த இடத்தை வெட்டிவிட்ட வீடியோவைப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

எதிலிருந்து தொடங்குவது? 2008 செப்டம்பர் 26 அன்று கலேயிலிருந்து டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைப் பத்து நிமிடத்துக்குள் கடந்தாரே, அதிலிருந்து வேண்டாம். 1909-இல் பிரெஞ்சு விமானி பிளேரியோ தன் விமானத்தில் அரைமணிக்கு மேல் எடுத்துக்கொண்ட வழி அது. சரித்திரம் பெரியது, காட்சி சப்பென்று இருக்கும். கீழே கடல், மேலே வானம். பக்கத்தில் எதுவும் இல்லாதபோது 200 கிலோமீட்டர் வேகமும் கண்ணுக்கு அசையாமல் நிற்கும்.

2010 நவம்பரில் சுவிட்சர்லாந்தில் எடுத்ததை முதலில் பாருங்கள். வெப்பக்காற்று பலூன் ஒன்றிலிருந்து குதித்து, அந்தப் பலூனையே சுற்றிக் குட்டிக்கரணம் போடுகிறார். பலூன் காற்றின் போக்கில் சும்மா கிடக்கிறது. அதனால் அவருடைய வட்டம் எவ்வளவு சுத்தம் என்று அளந்துவிடலாம். ஏறும்போது வேகம் தேய்ந்து உச்சியில் கிட்டத்தட்ட தயங்குவதையும், இறங்கும்போது அது திரும்பக் கிடைப்பதையும் கவனியுங்கள்.

அதற்கப்புறம் 2015 நவம்பர், துபாய். ரோஸியும் பிரான்ஸைச் சேர்ந்த வின்ஸ் ரெஃபேயும் எமிரேட்ஸின் ஏ380 விமானத்தோடு சேர்ந்து பறந்தது. பிரமாண்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ரசிப்பது சமரசத்தை. அவ்வளவு பெரிய விமானம் தன்னால் முடிந்த அளவு மெதுவாகப் போக வேண்டும், இவர்கள் தங்களால் முடிந்த அளவு வேகமாக. 80 மீட்டர் அகல இறக்கை தனக்குப் பின்னால் காற்றைச் சுழற்றிவிடும். அந்தச் சுழலில் மாட்டினால் மனிதன் தூசு. இருவரும் எங்கெங்கே போகாமல் இருக்கிறார்கள் என்று பாருங்கள், அதில்தான் அவர்களுடைய தொழில் இருக்கிறது.

தோற்றதையும் பார்க்க வேண்டும். 2009-இல் மொராக்கோவிலிருந்து ஸ்பெயினுக்கு ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டப் போன ரோஸி பாதி வழியில் கடலில் இறங்கினார். ஹெலிகாப்டர் வந்து மீட்டது. பத்து நிமிட எரிபொருளும் ஒரு பாராசூட்டும்தான் கையிருப்பு என்பது அந்தப் படத்தைப் பார்த்தால்தான் உறைக்கும்.

கடைசியாக, 2020 பிப்ரவரி 14. அதற்குள் எஞ்சின்கள் வலுத்துவிட்டன, எடையைவிட உந்துவிசை கூடுதல். ரெஃபே துபாயில் தரையில் நின்றபடியே கிளம்பி 1,800 மீட்டர் உயரத்தைத் தொட்டார். இறங்க மட்டும் பழையபடி பாராசூட். அது இல்லாமல் காலால் தரை தொடுவதுதான் அவருடைய குழுவின் அடுத்த குறியாக இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி, பயிற்சியின்போது ரெஃபே இறந்துபோனார்.

அந்தப் பிப்ரவரி வீடியோவில் உயரத்தை விடுங்கள், தொடக்கத்தைப் பாருங்கள். சில மீட்டர் உயரத்தில், செங்குத்தாக, எஞ்சினின் தயவில் நிற்கிறார். பிறகு மேலே சீறி, உடம்பைச் சாய்த்து, பாரத்தை இறக்கையிடம் ஒப்படைக்கிறார். ரோஸி விழுந்து வாங்கியதை இவர் ஏறி வாங்குகிறார். இங்கேயும் முதலில் அசைவது தோள்தான்.