பறந்த பிறகு பெயின்ட்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்று ஓர் ஊர். மற்ற நாட்களில் சாதுவாக இருக்கும். ஜூலைக் கடைசியில் ஒரு வாரம் மட்டும் பத்தாயிரம் விமானங்கள் வந்து இறங்கி அமர்க்களப்படும். பால் போபரெஸ்னி என்பவர் 1953-ல் ஆரம்பித்த எக்ஸ்பெரிமென்டல் ஏர்க்ராஃப்ட் அசோசியேஷன், 1970-லிருந்து அங்கே நடத்தும் திருவிழா. வந்து இறங்குவதில் கணிசமானவை வீட்டு கராஜில் சொந்தக் கையால் கட்டியவை. பல் டாக்டர், பள்ளிக்கூட வாத்தியார், ரிட்டயர்டு ஆசாமி என்று யார் வேண்டுமானாலும் கட்டலாம். பாதிக்கு மேல் நீங்களே செய்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஓரிகன் மாநிலத்தின் வான்ஸ் கம்பெனி விற்கும் பாகங்களை வாங்கிக் கட்டியவை மட்டுமே பதினோராயிரத்துக்கு மேல் பறந்திருக்கின்றன.

இவற்றில் சிறந்ததற்கு ஆஷ்காஷில் 'லிண்டி' என்று ஒரு பரிசு. அட்லான்டிக்கைத் தனியாளாக, நில்லாமல் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கின் செல்லப் பெயர் அது. அந்தப் பரிசின் மேல்தான் எனக்குக் கொஞ்சம் விமரிசனம். நியாயமாகச் சொல்வதென்றால் ஜட்ஜுகள் பெயின்ட்டை மட்டும் பார்ப்பதில்லை, என்ஜின் மூடியைத் திறந்து ஒயர்களைக் கட்டியிருக்கும் ஒழுங்கு வரை பார்க்கிறார்கள். ஆனாலும் கண்ணாடி போன்ற பளபளப்பு இல்லாத விமானம் அங்கே மேடை ஏறுவது கஷ்டம். அந்தப் பளபளப்பின் மேல் ஆசை வந்துவிட்டால், கட்டுகிறவர்கள் காலங்காலமாகச் சண்டை போடும் கேள்விக்குத் தப்பான பதில் வந்துவிடுகிறது. கேள்வி இதுதான்: பெயின்ட் முதல் பறத்தலுக்கு முன்பா, பின்பா?

லிண்ட்பெர்க்கைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கலாம். எடையைக் குறைக்க வரைபடத்தின் ஓரத்தையே கத்தரித்தவர் அவர். ரேடியோ வேண்டாம், பாராசூட் வேண்டாம் என்றவர். 1927-ல் அவர் ஓட்டிய விமானத்தின் வெள்ளி நிறம்கூட அழகுக்கு இல்லை. துணி வெயிலில் இற்றுப் போகாமல் இருக்க அலுமினியப் பொடி கலந்து பூசியது. அதற்கும் முன்னால், 1903-ல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் இருந்தது கடையில் வாங்கிய வெறும் மஸ்லின் துணி. அதன் மேல் ஒரு பூச்சும் இல்லை.

துணி போர்த்திய விமானம் என்றால் சர்ச்சையே கிடையாது, பூசித்தான் ஆக வேண்டும். ஃபைபர் கிளாஸும் நுரையுமாகக் கட்டும் பர்ட் ரூட்டான் வகை விமானங்களுக்கும் அப்படியே. அதுவும் வெள்ளைதான் பூசணும். கறுப்பு அடித்து வெயிலில் நிறுத்தினால் உள்ளே எபாக்சி இளகிவிடும். சர்ச்சை எல்லாம் அலுமினிய விமானத்துக்குத்தான். அதன் தகட்டின் மேல் சுத்த அலுமினியம் மெல்லிய படலமாக இருக்கும். சட்டென்று அரிக்காது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பல பத்தாண்டுகள் வெற்று உலோகத்தைப் பாலிஷ் போட்டே ஓட்டியது. 2013-ல் விட்டார்கள். உடம்பு உலோகமாக இல்லாத புது விமானங்கள் வருவதால், பாலிஷ் போட ஒன்றும் இருக்காது.

இப்போது கட்டியவரின் கதைக்கு வருவோம். முதல் 25 அல்லது 40 மணி நேரம் அவர் பயணி இல்லாமல், குறித்த எல்லைக்குள் பறந்து சோதிக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. நம் ஊரில் புதுத் தேருக்கு வெள்ளோட்டம் விடுவதில்லையா, அது போல. சுவாமி ஏறுவது அப்புறம். இந்த வெள்ளோட்டத்தில்தான் விமானம் வாய் திறந்து பேச ஆரம்பிக்கும். ஒரு இறக்கை கனக்கிறது என்று சாயும். அதற்கு ஏலரானின் பின் ஓரத்தை மெல்ல நெரித்துச் சரிசெய்ய வேண்டும். தளர்ந்த ரிவெட்டைச் சுற்றிக் கரிப்பொடி கட்டும். பெட்ரோல் டாங்க் கசிந்தால் நீலக் கறை தெரியும் (விமான பெட்ரோலுக்கு இதற்காகவே சாயம் போல!). வெள்ளை பெயின்ட்டிலும் இதெல்லாம் தெரியத்தானே செய்யும் என்பீர்கள். தெரியும். ஆனால் இரண்டு மாதம் தேய்த்துத் தேய்த்துப் பூசிய இடத்தில் ட்ரில்லை வைக்க யாருக்கு மனசு வரும்? 'அடுத்த வருஷ இன்ஸ்பெக்‌ஷனில் பார்த்துக்கலாம்' என்று தோன்றும். பெயின்ட்டில் உள்ள ஆபத்து இதுதான். வேலை முடிந்துவிட்டது என்று அது கட்டியவரையே நம்ப வைத்துவிடுகிறது.

எடையும் இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் விமானத்துக்குப் பத்து கிலோ பெயின்ட் சாதாரணம். 1981-ல் ஸ்பேஸ் ஷட்டிலின் முதல் இரண்டு பயணங்களில் அந்தப் பெரிய எரிபொருள் டாங்க் வெள்ளையாக இருந்தது. மூன்றாவதிலிருந்து பூச்சை நிறுத்தி விட்டார்கள். மிச்சமானது சுமார் 270 கிலோ. அப்புறம் எல்லாப் படங்களிலும் அது துருப்பிடித்தாற்போல் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். யாரும் குறை சொல்லவில்லை.

எடையைவிட, அது எங்கே ஏறுகிறது என்பது முக்கியம். ஏலரான், எலிவேட்டர் எல்லாம் கதவு போலக் கீலில் ஆடுபவை. அவற்றின் பரப்பில் பெரும்பகுதி கீலுக்குப் பின்னால். அதை ஈடுகட்டத்தான் முன்பக்கத்தில் ஈயக் கட்டி வைப்பார்கள். பெயின்ட் பின்பக்கத்தில் சேரச் சேர இந்தத் தராசு கெடும். கெட்டால், ஒரு வேகத்துக்கு மேல் காற்றில் கொடி அடித்துக்கொள்வது போல அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். 'ஃப்ளட்டர்' என்பார்கள். சில நொடிகளில் வாலே கழன்றுவிடலாம். எனவே பெயின்ட் அடித்தபின் தராசு, எடை எல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்.

மாஸ்கிங் டேப்பையும் மறக்கக் கூடாது. உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட, விமானத்தின் பக்கவாட்டில் காற்றழுத்தம் அளக்கும் சின்னத் துளைகள் உண்டு. 1996 அக்டோபரில் பெருவின் லிமா நகரத்திலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 757-ல், சுத்தம் செய்தபோது அந்தத் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். ராத்திரி, கடலுக்கு மேல், உயரமும் வேகமும் பொய் சொல்ல, 70 பேரும் போனார்கள். தொழில்முறை ஆட்களுக்கே இந்த கதி.

மறு கட்சிக்கும் வாதம் உண்டு. பறக்க ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டுப் பெயின்ட் அடிக்கவே மாட்டான், ப்ரைமரிலேயே பத்து வருஷம் ஓட்டுவான் என்கிறார்கள். நூற்றுக்கு நூறு உண்மை. ப்ரைமர் ஈரம் உறிஞ்சும். ரிவெட் இடுக்கில் எண்ணெய் இறங்கிவிட்டால் அப்புறம் பெயின்ட் ஒட்டாது. பாகங்களைத் தனித்தனியாக இருக்கும்போது பூசுவது சுலபம் என்பதும் சரி. இருந்தாலும் உரியும் பெயின்ட்டை மறுபடி அடிக்கலாம். அதனால் என் ஓட்டு பறந்த பிறகுதான்.

பறப்பதற்கு முன் வெளியே எழுதியே ஆக வேண்டியது பதிவு எண்ணும், ஏறும் இடத்தில் இரண்டு அங்குலத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற வார்த்தையும்தான். ஸ்டிக்கர் போதும். உள்ளே எழுத வேண்டியவை வேறு. 1997 அக்டோபர் 12-ல் பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியா கடற்கரையில் விழுந்து இறந்தது, வேறொருவர் கட்டி, அவர் புதிதாக வாங்கிய லாங்-ஈஸி விமானத்தில். ஒரு டாங்க்கிலிருந்து இன்னொன்றுக்கு பெட்ரோலை மாற்றும் பிடி, ரூட்டானின் வரைபடத்தில் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டாங்க் என்று அதில் குறிப்பு இல்லை. பெட்ரோல் அளவு பார்க்கும் கண்ணாடியிலும் கோடுகள் இல்லை. விபத்தை ஆராய்ந்த என்.டி.எஸ்.பி. இரண்டையும் அறிக்கையில் எழுதியிருக்கிறது, புது விமானத்தில் அவருக்குப் போதிய பயிற்சி இல்லாததையும் சேர்த்து.

அந்தப் பிடியில் குறி போட நகப்பூச்சுக் குப்பியில் பாதி போதும். லிண்டி ஜட்ஜுகள் அங்கிருந்து ஆரம்பித்து, லாக் புத்தகத்தில் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, கடைசியாக இறக்கையில் தங்கள் முகம் தெரிகிறதா என்று குனியட்டும்.