நெல்வயல் மீதேனும் ஐசோடோப்பு ஆராய்ச்சியும்

தில்லி லோதி ரோட்டில் அப்போது இயங்கிவந்த சுற்றுச்சூழல் அமைச்சகம், 1994-ஆம் ஆண்டில் நம் நெல்வயல்கள் ஏறத்தாழ 40 லட்சம் டன் மீதேனை வெளியிட்டன என்று 2004-இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அறிக்கை தர முடிந்ததென்றால், அதற்கு ஆதாரம், தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏ.பி. மித்ராவும் அவருடைய சகாக்களும் 1991-இல் பல மாகாணங்களின் வயல்களில் பெட்டி கவிழ்த்து வாயுவை அளந்த உழைப்பேயாகும். மேலைநாட்டு வயல்களின் அளவைக் கொண்டு அமெரிக்கர் முன்னர் அனுமானித்ததோ சுமார் 380 லட்சம் டன்!

ஆனால் பெட்டி அளவைச் சொல்லுமேயன்றி, காரணத்தைச் சொல்லாது. சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அசிட்டேட்டைப் பிளந்து மீதேனை உண்டாக்கினவா, கரியமில வாயுவோடு ஹைட்ரஜனைச் சேர்த்து உண்டாக்கினவா என்பதை ஆராயவே, இயற்கையில் நூற்றுக்கு ஒன்றளவே உள்ள கார்பன்-13 என்ற கனமான ஐசோடோப்பு அடையாளமாகப் பயன்படுகிறது. 2005-இல் லூ, கான்ராட் என்ற இருவரும் இவ்வடையாளமிட்ட கரியமில வாயுவை நெற்பயிருக்கு ஊட்டி, இலை உண்ட கார்பன் வேரடியில், அன்றுவரை தனித்து வளர்க்கப்படாத ஓர் உயிரினத்தின் ஆர்.என்.ஏ.வில் சேர்ந்ததைக் கண்டு, மீதேனை ஆக்குவோருள் அதற்குள்ள முக்கியத்துவத்தை நிரூபித்தனர். இதைவிட நேரான பிரமாணம் இத்துறையில் அரிது.

எனினும், அடையாளமிட்ட அசிட்டேட்டை மிகுதியாக ஊட்டினால் சேற்றின் சுபாவமே மாறிவிடுகிறது. நாட்கள் செல்லச் செல்ல அடையாளம் ஓர் உயிரிடமிருந்து மற்றோர் உயிருக்குக் கைமாறுகிறது. அடையாளமிடாமல், கனமான கார்பனுக்கும் இலேசான கார்பனுக்கும் உள்ள இயற்கை விகிதத்தை மட்டும் நம்புவோருக்கோ இடர் இன்னும் பெரிது: மீதேனை உண்ணும் பாக்டீரியாக்கள் இலேசான கார்பனையே விரும்புவதால், எஞ்சிய வாயு கனத்துப்போய், இயல்பாகவே கனம் மிகுந்த மீதேனைத் தரும் அசிட்டேட் வழியின் பங்கு மிகுந்ததுபோலக் காட்டும். இந்த மயக்கத்தைத் தீர்க்காமல், பரிசோதனைச்சாலையில் வளர்த்த உயிர்களில் அளந்த ஐசோடோப்பு விகித எண்ணை வயலுக்கும் பொருத்திச் சமன்பாட்டை முடிப்பது, 1991-க்கு முந்தைய பிழையை நுட்பமான கருவியால் மீண்டும் செய்வதாகும் என்பதே என் துணிபு.

கணித மாதிரியிலும் இதுவே கதை. 2005-இல் பதக் முதலியோர் டி.என்.டி.சி. மாதிரியைக் கொண்டு கணித்தபோது, இடைவிடாது நீர் நிறுத்திய வயல்களின் மீதேன், விட்டுவிட்டு நீர் பாய்ச்சுகையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. இத்தகைய வேற்றுமையைத் தண்ணீர் ஒன்றே விளைவிக்குமாயின், நுண்ணுயிர்ப் பாதையை எவ்வளவு நுணுக்கமாகப் பகுத்தாலும், நீர் நின்ற நாட்களின் கணக்கு இல்லாத மாதிரி தேசத்தின் தொகையைத் தராது. ஐசோடோப்பு ஆராய்ச்சி, மாதிரியின் உட்பகுதியைச் சோதிக்கட்டும். தொகையை நிர்ணயிக்க வேண்டாம். லோதி ரோட்டிலுள்ள புவி அறிவியல் அமைச்சகம் போன்றவை இத்தகைய ஆய்வுக்குப் பொருளுதவி புரியும்போது, காவிரிப் படுகையிலும் கட்டாக்கிலும் ஒரே வயலில் பெட்டியளவும், அடையாளச் சோதனையும், நீர்மட்டக் குறிப்பும் ஒருங்கே நடைபெற வேண்டுமென்று நிபந்தனை விதிக்க வேண்டும்.