ஓலையும் மகரந்தமும்

ஓலைச்சுவடியும் மகரந்தத் தூளும் ஒரே நிறுவனத்தில் ஆய்வுப்பொருளாக இருப்பது பேரழகு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத்தான் சொல்கிறேன். 1955இல் அதைத் தொடங்கி நடத்திய ழான் ஃபிலியோசா, மருத்துவராக இருந்து இந்தியவியலுக்கு வந்தவர், பொருத்தமான ஆள்தான். அங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன.

என்னை அதிகம் ஈர்ப்பது மகரந்த ஆய்வு. மகரந்தத்தின் மேலுறை எளிதில் மட்காது. ஏரியடிச் சேற்றில் அடுக்கடுக்காகப் புதைந்த அதை நுண்ணோக்கியில் இனம்பிரித்து, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே காடு இருந்ததா, புல்வெளி இருந்ததா என்று சொல்லிவிடுகிறார்கள்! கிராமத்துக் கூலியையும் கடனையும் ஆராய்வோரும் அதே நிறுவனத்தில் உண்டு.

மேற்படிப்புக்குத் துறை தேடும் பிள்ளைகளே, இத்தனை வகை ஆய்வுகளையும் ஒருமுறை தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.