நகரும் கமராவும் மறையும் மனிதரும்: காலச்சுருக்கப் படப்பிடிப்பு பற்றிச் சில குறிப்புகள்

1

தமிழில் திரைப்படம் பற்றிய விமர்சனம் பெரும்பாலும் கதை, பாத்திரம், செய்தி என்பவற்றோடு நின்றுவிடுகின்றது. கமரா எவ்வாறு நகர்கின்றது, ஒரு சட்டகத்துக்கும் அடுத்த சட்டகத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகின்றது என்பன தொழில்நுட்பவியலாளரின் கவனத்துக்குரியன என ஒதுக்கப்படுகின்றன. உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரித்து நோக்கும் இப்போக்கு இலக்கிய விமர்சனத்தில் விளைவித்த ஊறு நாம் அறிந்ததே. திரைப்படத்தைப் பொறுத்தவரை அவ்வூறு இன்னும் பெரிது. ஏனெனில் திரைப்படக் கலைஞனுக்கு நேரம் வெறும் அளவுகோலன்று. அது அவன் கையாளும் மூலப்பொருளாகும். கமராவை நெடுந்தூரம் நகர்த்தியவாறே நீண்ட நேரத்தைச் சில வினாடிகளுள் சுருக்கிக் காட்டும் முறை இன்று ‘ஹைப்பர்லாப்ஸ்’ என வழங்குகின்றது. அம்முறை யாரைக் காட்டுகின்றது, யாரை மறைக்கின்றது என்ற வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா ஒளிப்படக் கலையின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. 1838ஆம் ஆண்டளவில் லூயி டகேர் பாரிஸ் நகரின் வீதியொன்றை மேல்மாடிச் சாளரத்திலிருந்து படம்பிடித்தார். வண்டிகளும் மக்களும் இயங்கிக்கொண்டிருந்த வீதி அது. ஆயின், ஒளி பதிவதற்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டமையால் அசைந்தவர் எவரும் தகட்டிலே பதியவில்லை. பாதணியைத் துலக்குவிப்பதற்காக ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் இனங்காணக்கூடியவாறு தெரிகின்றார். அவர் காலடியிலிருந்து தொழில் செய்தவரோ கலங்கலாகவே தெரிகின்றார். மனித உருவம் பதிந்த மிகப் பழைய ஒளிப்படமாகக் கருதப்படும் இதிலேயே சேவை பெறுபவர் உருவம் பெறுகின்றார். சேவை செய்பவர் உருவிழக்கின்றார். இது டகேரின் வர்க்கச் சார்பினால் நேர்ந்ததன்று, இரசாயனத்தினால் நேர்ந்தது. எனினும், அன்று இரசாயனம் விதித்த எல்லையொன்று பிற்காலத்தில் விரும்பித் தெரிந்தெடுக்கப்படும் அழகியலாக மாறியது என்பது நமது கவனத்துக்குரியது.

2

முதலில் தொழில்முறையை நோக்குவோம். திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன எனக் கொண்டால், 10 வினாடிக் காட்சியொன்றுக்கு 240 படங்கள் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் 25 சென்ரிமீற்றர் முன்னேறும் படப்பிடிப்பாளர் ஏறத்தாழ 60 மீற்றர் தூரத்தைக் கடப்பார். முக்காலியைத் தூக்கி வைத்து, மட்டம் பார்த்து, குறியைச் சரிசெய்து, ஷட்டரை அழுத்த 10 வினாடி செல்லுமாயின் முழு வேலைக்கும் 40 நிமிடங்கள் பிடிக்கும். அதாவது நேரம் 240 மடங்கு சுருங்குகின்றது.

காட்சி துள்ளாதிருப்பதற்குத் தொலைவிலுள்ள கோபுர முனை, கட்டட மூலை போன்ற அசையாப் பொருளொன்றைத் தெரிந்து, ஒவ்வொரு சட்டகத்திலும் அதனை ஒரே இடத்தில் நிறுத்தல் வேண்டும். குவியம், ஒளியளவு, நிறச்சமநிலை ஆகிய மூன்றையும் கையால் நிலைப்படுத்தல் வேண்டும். அன்றேல் காட்சி மினுங்கும். அண்மையிலுள்ள பொருள்கள் சேய்மையிலுள்ளவற்றினும் அதிகம் இடம்பெயர்வதாகத் தோன்றுமாதலின், தூண்களும் மரங்களும் அருகே வருமிடத்து அடிவைப்பைச் சிறிதாக்குதல் வேண்டும். எஞ்சும் நடுக்கம் பின்னர் கணினியில் அகற்றப்படும். அதற்கு விலையாகப் படத்தின் ஓரங்கள் வெட்டுண்ணும்.

இங்கே ஓர் அடிப்படை முரண்பாடு உண்டு. கமரா ஓரிடத்தில் நிலைத்திருப்பின் வினாடிக்கொரு படமாகவேனும் எடுக்கலாம். அதைக் கையால் நகர்த்தும்போதோ இடைவெளியைத் தீர்மானிப்பது தூக்கி வைக்கும் உடலின் வேகமாகும். நிமிடத்துக்கு 80 மீற்றர் நடக்கும் ஒருவர் 10 வினாடியில் 13 மீற்றர் கடந்துவிடுவார். சந்தைத் தெருவொன்றிலே சுமை தூக்கிச் செல்பவர் ஒரு சட்டகத்தில் தோன்றி அடுத்ததில் இல்லாதுபோவார். துள்ளலைத் தணிப்பதற்காக ஷட்டரை அரை வினாடி திறந்துவைப்பின் அவர் வெறும் நிறக்கீறலாவார். கடையில் அமர்ந்திருக்கும் முதலாளி நிலைப்பார். தெருவோரத்தில் உறங்கும் வீடற்றவரும் நிலைப்பார். ஆகவே, இம்முறை வர்க்கத்தை நேரடியாகப் பிரதிபலிக்கின்றது எனக் கூறுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். ஆனால், கமராவின் பயணம் நீள நீள உழைக்கும் உடல் திரையிலிருந்து கரைந்துபோகின்றது என்பது மறுக்கவியலாதது. படப்பிடிப்பாளரின் 40 நிமிட உழைப்பும் உடன் கரைந்து, பார்வையாளருக்கு எஞ்சுவது எவரும் தள்ளாமலே மிதந்து செல்லும் ஒரு பார்வை மட்டுமே. பண்டத்தினுள் உழைப்பு மறைந்திருப்பது பற்றி மார்க்ஸ் கூறியது இங்கு நினைவுக்கு வருகின்றது.

3

இம்முறையைப் பெருந்திரைக்குரிய கலையாக வளர்த்தவர்களுள் றொன் பிறிக் முதன்மையானவர். கொட்பிறி றெஜ்ஜியோவின் ‘கொயானிஸ்காற்சி’ (1982) படத்துக்கு ஒளிப்பதிவு செய்த இவர், ‘குறோனொஸ்’ (1985) படத்தைத் தாமே இயக்கினார். ஐமக்ஸ் திரைக்கென எடுக்கப்பட்ட அப்படத்தில் உரையாடல் இல்லை. எகிப்தியப் பிரமிட்டுகள், வத்திக்கான், பாரிஸ் எனக் கமரா நகர்ந்து செல்ல, ஒளியும் நிழலும் கற்களின்மீது ஊர்கின்றன. மோட்டாரினால் மெதுவாகச் செலுத்தப்படும் கமரா மணிக்கணக்கான நேரத்தை ஒரே வழுக்கலாக்குகின்றது. அதன் அழகை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவ்வழகு எத்தகைய வரலாற்றுணர்வைத் தருகின்றது? கல் நிலைக்கின்றது, மனிதர் ஆவியாகின்றனர். கல்லை அடுக்கிய கைகள் பற்றிய வினா எழுவதற்கே இடமில்லை. வரலாறு இயற்கையைப் போலத் தானே நிகழ்வதாகத் தோன்றுகின்றது.

‘கொயானிஸ்காற்சி’ இதனினும் சிக்கலானது. ஓடும் வாகனத்திலிருந்து குறைந்த சட்டக வேகத்தில் எடுக்கப்பட்ட நெடுஞ்சாலைகள் அதில் ஒளிக்கோடுகளாகின்றன. தொழிற்சாலைப் பட்டியிலே செல்லும் இறைச்சிக் குழல்களும், நகரும் படிக்கட்டில் ஏறும் மக்களும் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றனர். மனிதர் பண்டமாகின்றனர் என்ற கண்டனம் இதில் உண்டு; ஆயின், கண்டிக்கப்படும் செயலையே படத்தொகுப்பும் செய்துவிடுகின்றது. இயந்திரத்தை இயக்குபவர் யார், அதன் பயன் யாரைச் சேர்கின்றது என்பன கேட்கப்படாமையால், குற்றம் உற்பத்தி உறவுகளிலன்றித் தொழில்நுட்பத்தின்மீதே விழுகின்றது. எனினும் றெஜ்ஜியோ ஒன்றை உணர்ந்திருந்தார் எனலாம். வேகத்தின் நடுவே அவர் சிலரை நிறுத்துகின்றார். சூதாட்ட விடுதிப் பரிசாரகப் பெண்கள் வரிசையாக நின்று கமராவை நேரே நோக்குகின்றனர். கமராவின் ஓட்டம் தணியும்போதுதான் முகம் பிறக்கின்றது.

4

அவ்வாறாயின், இம்முறையே பிற்போக்கானதா? நாம் அவ்வாறு கருதவில்லை. இயல்பான கண்ணுக்குப் புலப்படாத சமூக இயக்கங்களை, காலையில் நகரை நிரப்பி மாலையில் வெறிதாக்கும் உழைப்பாளர் பெயர்ச்சியை, ஒரே நோக்கில் காட்டவல்லது இது. தனித்தனி நிகழ்வுகளுக்குள் மறைந்துள்ள அமைப்பைக் காண்பதே விஞ்ஞான நோக்காயின், காலச்சுருக்கமும் அதற்குரிய ஒரு கருவியாகலாம்.

சிகா வேர்ட்டோவின் ‘கமராவுடன் ஒரு மனிதன்’ (1929) இதற்கு ஆதாரம். அப்படத்திலும் வேகமாக்கப்பட்ட நகரம் உண்டு. ஓடும் வாகனங்களில் ஏறிய கமரா உண்டு. ஆனால் அவ்வாகனத்தில் நின்று கமராவைச் சுழற்றும் மிகெயில் கவுப்மனும் திரையில் தெரிகின்றார். தொகுப்பு மேசையில் படச்சுருளை வெட்டும் எலிசவேத்தா ஸ்விலோவாவும் தெரிகின்றார். ஓரிடத்தில் முக்காலியும் கமராவும் தாமாகவே எழுந்து நடக்கின்றன. சட்டகம் சட்டகமாக நகர்த்தி எடுக்கப்பட்ட அவ்வித்தையைத் திரையினுள் அமர்ந்திருக்கும் பார்வையாளரும் கண்டு மகிழ்கின்றனர். படம்பிடித்தலும் உழைப்பே என அறிந்த கலைஞனின் செயல் இது.

அமெரிக்காவின் பற் ஓ’நீல் எடுத்த ‘வோட்டர் அண்ட் பவர்’ (1989) பிறிதொரு வழியைக் காட்டுகின்றது. 1913இல் நிறைவுற்ற நீர்க்கால்வாய் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டுசென்றது. நகர் பெருகியது, ஓவன்ஸ் ஏரி வற்றிப் புழுதிநிலமாயிற்று. நீரும் மின்வலுவும் வழங்கும் நகரத் திணைக்களத்தின் பெயரை நினைவூட்டும் தலைப்பில் அதிகாரம் என்ற பொருளும் தொக்கி நிற்கின்றது. கணினியாற் கட்டுப்படுத்தப்பட்ட கமரா நீண்ட வழியில் நகர, காலச்சுருக்கத்தில் எடுத்த பாலைநிலமும் நகரமும் ஒன்றன்மீதொன்றாகப் பதிக்கப்படுகின்றன. நகரம் எங்கிருந்து பருகுகின்றது என்பதைப் பார்வையாளர் மறக்கவியலாது. கமராவின் அதே நகர்வு ‘குறோனொஸ்’ படத்தில் உறவுகளை அழித்தது. இங்கு உறவொன்றை நிறுவுகின்றது.

5

2014ஆம் ஆண்டில் இம்முறை புதிய கட்டத்தை அடைந்தது. நடந்துகொண்டே எடுத்த நீண்ட வீடியோவிலிருந்து கமராவின் பாதையைக் கணித்து, நடுக்கமற்ற புதிய பாதையொன்றை ஆக்கும் வழியை மைக்ரோசொப்ற் ஆய்வாளர் வெளியிட்டனர். அதே ஆண்டில் இன்ஸ்ரகிராம் நிறுவனம் கைத்தொலைபேசிக்கான செயலியொன்றை வழங்கியது. முக்காலியைத் தூக்கி வைத்தவரின் உயிருள்ள உழைப்பு கணினி நிரலினுள் உறைந்த உழைப்பாகியது. முன்னர் ஒவ்வொரு 25 சென்ரிமீற்றரிலும் படப்பிடிப்பாளர் நின்று நோக்கவேண்டியிருந்தது. மறைந்துபோகும் சுமையாளரை அவராவது கண்டார். இன்று அவ்வாறு காண்பதற்கும் கட்டாயமில்லை.

எனவே, இத்தகைய காட்சியொன்றை மதிப்பிடும்போது விமர்சகர் கேட்கவேண்டியவை மூன்று. சட்டகங்களுக்கிடையேயுள்ள இடைவெளி எவ்வளவு? அவ்விடைவெளியில் மறைந்தவர் யார்? அவ்வாறு மறைந்தமை படத்தின் பொருளாக ஆக்கப்பட்டுள்ளதா, அன்றி அழகினால் மூடப்பட்டுள்ளதா? பாரிஸ் வீதியிற் பாதணி துலக்கியவரைத் தகடு தெளிவாகப் பதிக்கவில்லை. அன்று அதற்கு வல்லமை போதவில்லை. இன்று வல்லமை உண்டு. இன்றும் அவர் கலங்கலாகவே தெரிவாராயின், அதற்கு விடை கூறவேண்டியவர் இரசாயனவியலாளர் அல்லர். இடைவெளியைத் தெரிந்தெடுத்தவரும், அதனை வினவாது வியந்த நாமுமே.