பெயர் தேடிப்போன பணக்காரர்: ழான் பிகோசியும் செய்தூ கெய்தாவும்

செய்தூ கெய்தாவைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் ஒரு கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. 1991-ல் நியூயார்க்கில் 'ஆஃப்ரிக்கா எக்ஸ்ப்ளோர்ஸ்' என்றொரு கண்காட்சி. மாலி நாட்டின் பமாகோ நகரில் எடுத்த சில ஸ்டூடியோ படங்கள் அதில் இருந்தன. எடுத்தவர் பெயர் தெரியாது என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து அசந்துபோன ழான் பிகோசி, தன் சேகரிப்புக்குப் பொறுப்பாக இருந்த அந்த்ரே மான்யானை பமாகோவுக்கு அனுப்புகிறார். அங்கே இன்னொரு புகைப்படக்காரரான மாலிக் சிதிபே வழிகாட்ட, கெய்தா 'கண்டுபிடிக்கப்படுகிறார்'.

கதை உண்மைதான். ஆனா அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு உறுத்துது. பெயர் தெரியாது என்றால், யாருக்குத் தெரியாது? கெய்தா 1948-லிருந்து பமாகோவில் ஸ்டூடியோ நடத்தியவர். படத்தில் தன் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுத்தவர். 1962 வாக்கில் அரசாங்கமே கூப்பிட்டுத் தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டது. ஊரே அறிந்த ஆள் நியூயார்க் சுவரில் அநாமதேயமாகத் தொங்கினார், அவ்வளவுதான்.

பிகோசி 1952-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா ஹென்றி பிகோசி, சிம்கா கார் கம்பெனியைத் தொடங்கியவர். மகனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது இறந்துவிட்டார். சொத்து வந்தது, ஹார்வர்டு படிப்பு வந்தது. 1989-ல் பாரிஸில் 'மஜீசியன் த லா தேர்' கண்காட்சியைப் பார்த்த பிறகு, சமகால ஆப்பிரிக்கக் கலையை வாங்கிக் குவிக்க ஆரம்பித்தார். மான்யான் அந்தக் கண்காட்சியை உருவாக்கியவர்களில் ஒருவர். ஊர் ஊராக அலைந்தது மான்யான், பணம் பிகோசியுடையது.

இந்தப் பணம் என்ன செய்தது என்பதுதான் என் கேள்வி. கெய்தா பெரும்பாலும் 13க்கு 18 சென்டிமீட்டர் நெகட்டிவில் எடுத்தார். நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து அதே அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுவார். படம் உள்ளங்கையில் அடங்கும். சொந்தக்காரர்களுக்குத் தபாலில் அனுப்பலாம், வீட்டில் மாட்டலாம். 1990-களில் மான்யான் கொண்டுவந்த நெகட்டிவ்களிலிருந்து பாரிஸில் பெரிய பெரிய பிரிண்ட்கள் போட்டார்கள். கறுப்பு அடர்ந்து வெள்ளை பளிச்சென்று நிற்கும் பிரிண்ட்கள். துணியின் பூவேலை, பின்னால் தொங்கும் விரிப்பின் கோலம், கைக்கடிகாரம் எல்லாம் சுவரளவுக்கு நம்மேல் வந்து விழும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிப்போன பொருள் அல்ல. கேலரிக்கென்று செய்த இன்னொரு பொருள். நாம் 'கெய்தா பாணி' என்று சொல்வதில் பாதி அந்த இருட்டறையில் பிறந்தது என்றே நினைக்கிறேன்.

இதைச் சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் மனசு வரலை. பெரிய பிரிண்ட்களைப் பார்த்து கெய்தா சந்தோஷப்பட்டார் என்றே சொல்லப்படுகிறது. 1994-ல் பாரிஸ் கார்த்தியே அறக்கட்டளையில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. எழுபது வயதைத் தாண்டிய மனிதர் தன் வேலைக்கு உலக மரியாதை கிடைப்பதைக் கண்ணால் பார்த்தார். பிகோசி இல்லாவிட்டால் அது எப்போது நடந்திருக்கும்? இன்னொரு பக்கம், 2001-ல் கெய்தா இறந்தபின் நெகட்டிவ்கள் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு கோர்ட் வரை போனது. இரண்டும் ஒரே கதைதான்.

பிகோசி தானே ஒரு புகைப்படக்காரர் என்பது சுவாரசியமான விஷயம். செல்ஃபி என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1970-களிலேயே, பிரபலங்களோடு தோளோடு தோள் நின்று, கேமராவைக் கையை நீட்டித் தன் பக்கம் திருப்பி எடுத்துத் தள்ளியவர். அதையெல்லாம் தொகுத்துப் புத்தகமே போட்டிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள். யார் கூட நின்றோம் என்பதுதான் அந்தப் படங்களின் உயிரே.

கெய்தாவின் படங்களுக்கு வாருங்கள். வெஸ்பாவில் சாய்ந்தவர், ரேடியோவில் கை வைத்தவர், ஒற்றைப் பூவை நீட்டிப் பிடித்திருக்கும் கண்ணாடிக்காரர். பெரும்பாலும் 'தலைப்பில்லை', ஓர் ஆண்டு, அத்தோடு சரி. படம் எடுத்தவர் பெயர் கிடைத்துவிட்டது. எடுக்கச் சொல்லி, நல்ல துணி உடுத்தி, காசு கொடுத்தவர்கள் பெயர் கிடைக்கவில்லை. மான்யான் பமாகோவுக்குப் போன சமயத்தில் அவர்களில் பலர் உயிரோடு இருந்திருக்க வேண்டும். புகைப்படக்காரரைத் தேட ஆள் அனுப்பிய பணம் ஏன் அந்தத் தெருவில் இன்னும் நாலு வீட்டுக் கதவைத் தட்டவில்லை? சேகரிப்பவருக்கு விலை சொல்ல ஒரு கலைஞர் பெயர் போதும், வாடிக்கையாளர் பெயர் விலையை ஏற்றாது என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

2019-ல் பிகோசி தன் சேகரிப்பிலிருந்து 45 படைப்புகளை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கெய்தாவும் அதில் உண்டு. எங்காவது கெய்தா படம் ஒன்றைப் பார்க்க வாய்த்தால், பக்கத்தில் இருக்கும் சீட்டையும் படியுங்கள். எடுத்த ஆண்டு ஒன்று இருக்கும், பிரிண்ட் போட்ட ஆண்டு வேறாக இருக்கலாம். சில சமயம் நடுவில் நாற்பது வருஷம்.