பந்தியே உரைகல்

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் அன்பைப் பற்றியது என்பது ஞாயிறுபள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால் அவர் எதற்காகக் கோபப்படுகிறார் என்பது பெரியவர்களுக்கே பல நேரம் நினைவில் இருப்பதில்லை. சாப்பாட்டு விஷயத்துக்காகத்தான். கர்த்தருடைய பந்தி என்று கூடிய இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். அந்தியோகியாவிலும் இதே கதை. யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். ஆதிச் சபையில் அன்புக்கு வைக்கப்பட்ட முதல் சோதனைகள் இலை போட்ட இடத்திலேயே நடந்திருக்கின்றன.

தமிழகத்தில் கிறிஸ்தவ அன்பின் மரபுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கட்டிய மருத்துவமனைகளையும் நடத்திய பள்ளிகளையும் வரிசையாக எழுதிவிடலாம். அப்படி எத்தனையோ மலர்களில் வந்தாயிற்று. கொடுப்பதில் நம் சபைகள் குறை வைத்ததில்லை. நெல்லைச் சீமையில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, கைப்பிடி அரிசிக் காணிக்கையாகக் கோயிலுக்குக் கொண்டுவந்த பெண்களால் எவ்வளவோ ஊழியம் நடந்திருக்கிறது. அந்தக் கை யாரோடு சேர்ந்து சாப்பிட்டது என்று கேட்கும்போதுதான் கணக்கு இடிக்கிறது. நான் இங்கே கையில் எடுத்துக்கொள்வது அந்த ஒரே அளவுகோலைத்தான்.

மதுரையிலிருந்து தொடங்க வேண்டும். 1606-இல் அங்கே வந்த ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவபோதகர் ஆனார். தமிழர்களின் பழக்கவழக்கத்தை மதித்து அவர்களில் ஒருவராக வாழ முயன்ற முதல் ஐரோப்பியர்களில் அவருக்குத் தனி இடம் உண்டு. அந்த மதிப்புக்கு ஒரு விலையும் இருந்தது. அதே ஊரில் பரதவர்களுக்கு ஊழியம் செய்துவந்த தம் சபைத் துறவி கொன்சாலோ பெர்னாண்டஸிடமிருந்து அவர் விலகி வாழ வேண்டியதாயிற்று. உயர்சாதியினருக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்கு வேறு வகைக் குரு என்ற ஏற்பாடு மெல்ல உருவானது. 1640-இலிருந்து பண்டாரசாமிகள் என்ற துறவிகள் வந்தார்கள். தாழ்த்தப்பட்டோரிடமும் இவர்கள் போகலாம். ஓரியூரில் 1693-இல் கொல்லப்பட்ட அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோ பண்டாரசாமிதான்.

இந்த வழியை முழுக்கத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. நொபிலி ஏறிப் பார்த்த உயரத்துக்கு அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் ஏறவில்லை. ஆனால் புதுச்சேரிக்கு வந்த ரோமின் தூதர் தூர்னோன் 1704-இல் பிறப்பித்த ஆணையில் ஒரு விதியைப் படிக்கும்போது நெஞ்சு திடுக்கிடுகிறது. நோயில் கிடக்கும் பறையர் கிறிஸ்தவரின் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுக்கக் குரு மறுக்கக் கூடாது என்கிறது அது. ஆணை போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதுவரை சாகக் கிடப்பவரைக் குடிசையிலிருந்து வெளியே தூக்கிவந்தார்கள் என்று அர்த்தம். அந்த ஆணை பல காலம் இழுபறியில் கிடந்து, 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். எப்படி? தாழ்த்தப்பட்டோருக்கென்றே தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை ஏற்றுக்கொண்டு. வாசற்படியைத் தாண்டச் சொன்ன சட்டம், படியைத் தாண்டவென்று தனி ஆட்களை வைத்துக்கொண்டது.

தரங்கம்பாடியில் 1706-இல் இறங்கிய சீகன்பால்கு வந்த வழி வேறு. ஹாலே நகரத்துப் பக்தி இயக்கம் அவரை வளர்த்தது. வேதாகமம், அச்சகம், பள்ளிக்கூடம் என்று அவர் போட்ட அடித்தளத்தை இங்கே மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. ஆலயத்துக்குள்ளோ, சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். 1733-இல் ஆரோன் முதல் இந்தியப் புராட்டஸ்டன்ட் குருவாக அபிஷேகம் பெற்றார், அவர் வேளாளர். தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்த உபதேசியார் ராஜநாயக்கன், படைவீரராக இருந்து ஊழியத்துக்கு வந்தவர், பறையர். அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றவர்கள் தயங்குவார்கள் என்று குருப்பட்டம் கொடுக்காமலே விட்டார்கள். அவரிடமிருந்து வேதம் கேட்கலாம், அப்பம் வாங்கக் கூடாது.

நூறு ஆண்டு கழித்துச் சட்டம் வந்தது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக ஒழிய வேண்டும், ஆலயத்தில் சேர்ந்து உட்கார வேண்டும், திருவிருந்தில் முன்பின் பார்க்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெரும் பிளவு. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் 1840-களின் பிற்பாதியில் இன்னும் ஒரு படி மேலே போனது. சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அதற்கு அன்பின் விருந்து என்று பெயர். மறுத்த உபதேசியார்கள் பலர் விலக்கப்பட்டார்கள்.

கொள்கையில் வில்சனும் அமெரிக்கர்களும் சொன்னது சரி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சம்பளம் கொடுப்பவர், சம்பளம் வாங்குபவரைப் பார்த்து, உன் அன்பை இந்த இலையில் உட்கார்ந்து நிரூபி என்று சொல்வதில் ஏதோ உறுத்துகிறது. மிஷன் பங்களாவின் சாப்பாட்டு மேசையில் அந்த உபதேசியாருக்கு ஒரு நாற்காலி போட்டார்களா? வெள்ளைக்காரர்களுக்குள்ளும் மேல்கீழ் உண்டே என்று அன்றைய வேளாளக் கிறிஸ்தவர்களும் கேட்டார்கள். தங்கள் வசதிக்காகக் கேட்டார்கள் என்பதால் கேள்வி பொய்யாகிவிடாது. மறுபக்கம் லைப்சிக் மிஷனின் கார்ல் கிரால், திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த அறிஞர், சாதி சமூக வழக்கம்தான், பொறுமையாக விட்டுப்பிடிக்கலாம் என்று வாதாடினார். தமிழை அவ்வளவு ஆழமாக நேசித்தவர் இந்த ஒன்றில் இப்படி நின்றது எனக்கு இன்றும் வருத்தம்.

கல்லில் எழுதிய சாட்சி வேண்டுமென்றால் வடக்கன்குளம் போகலாம். 1872-இல் அங்கே எழுந்த கத்தோலிக்க ஆலயம் கால்சட்டை வடிவம் என்று பெயர் பெற்றது. வேளாளருக்கு ஒரு கூடம், நாடாருக்கு ஒரு கூடம், நடுவில் சுவர், இரண்டும் பீடத்தில் வந்து சேரும். இரு தரப்பும் குருவைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. கட்டடக் கலைஞனின் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்! 1910-ஐ ஒட்டித் திருச்சபையே அந்தச் சுவரை இடித்தது. வேளாளர் தரப்பு நீதிமன்றத்துக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை.

அதே 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், திருநெல்வேலிப் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர் வே.ச. அசரியா பேசினார். மிஷனெரிகளின் தியாகங்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு நட்பைத் தாருங்கள் என்ற பொருளில் முடித்தார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டே ஆண்டில் அவர் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். கொடுப்பவர், வாங்குபவர் என்ற உறவில் அன்பு மூச்சுத்திணறும் என்பதை அவ்வளவு பெரிய சபையில் அவ்வளவு மரியாதையாகச் சொன்ன பேச்சு நமக்கு வேறு இல்லை.

வேலூர் மரபைப் பற்றிச் சுருக்கமாக. ஐடா ஸ்கடர் 1900-இல் மருத்துவப் பணி தொடங்கி 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்த வரலாறு தெரிந்ததே. எனக்கு முக்கியமாகப் படுவது 1940-களின் இறுதியில் பால் பிராண்டு செய்தது. தொழுநோயாளியைத் தொடவே ஆட்கள் அஞ்சிய காலத்தில், மடங்கிப்போன விரல்களைக் கையில் வாங்கி, தசைநாணை மாற்றிக் கட்டி, மறுபடி விரிய வைத்தார். அவரோடு வேலை செய்த மேரி வர்கீஸ் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியிலிருந்தே அந்தக் கைகளுக்கு அறுவை செய்தார். அந்தக் கை எதற்கு விரிய வேண்டும்? வேலை செய்ய, தானே சோறு பிசைந்து உண்ண.

திருப்பத்தூரில்தான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் 1921-இல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். முன்னவர் தமிழர், பின்னவர் ஸ்காட்லாந்தின் செல்வந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஊரார் வாயில் இவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன். இந்த வரிசையைக் கவனியுங்கள்: பணம் கொண்டுவந்த வெள்ளைக்காரர் சின்னவர். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை, சம்பளம் வாங்கவில்லை, கதர் உடுத்தார்கள், ஆசிரமத்தாரோடு தரையில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். மருத்துவம் பார்த்தார்கள், தமிழ்க் கோயில் சாயலில் ஒரு தேவாலயம் கட்டினார்கள். 1932-இல் அந்நியத் துணி மறியல் சமயத்தில் சென்னையில் சின்னண்ணன் காவல்துறையிடம் அடிபட்டார். அது லண்டன் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. நொபிலியும் வேடம் மாற்றினார், பேட்டனும் மாற்றினார். மூன்று நூற்றாண்டு இடைவெளியில் உடை மாற்றத்தின் திசை மாறிவிட்டது. ஒருவர் மேலே இருப்பவரை எட்டுவதற்காக உடுத்தார். மற்றவர் கீழே வந்து உட்காருவதற்காக. அசரியா கேட்டதற்குப் பதில் திருப்பத்தூரில் கிடைத்தது என்றே நினைக்கிறேன்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றானார்கள். ஒரு சபையார் பந்தியில் மறு சபையார் கை நீட்ட முடியாதிருந்த நிலை இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானது. அதைத் தரங்கம்பாடி மாநாட்டிலிருந்து 28 ஆண்டு பேசிப் பேசித் தீர்த்தார்கள். உள்ளூர்ச் சரக்கான சாதிப் பிரிவினைக்கு அப்படியொரு பேச்சுவார்த்தைக் குழு அமையவே இல்லை.

அந்த வேலையைத் தன் போக்கில் எடுத்துக்கொண்டவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன ஜே. தியோபிலஸ் அப்பாவு. பறட்டை என்ற பெயரில் பாட்டெழுதியவர், 2005-இல் மறைந்தார். கீர்த்தனையும் ஆர்மோனியமும் ஆண்ட ஆலயத்துக்குள் பறையைக் கொண்டுவந்தார். தீட்டென்று வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்த கருவியின் அடிக்கு ஏற்ப ஆராதனை முறையே எழுதினார். கடவுளைப் பெத்தவரே என்று கூப்பிட வைத்தார். ஒரு உலை என்பது அவருடைய இறையியலின் மையம். வீட்டுக்கு வீடு கொண்டுவந்ததை ஒரே பானையில் போட்டுச் சமைத்து, எல்லாரும் சேர்ந்து உண்பது. நெல்லைப் பக்கத்து அசன விருந்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பெரிய பெரிய அண்டாக்களில் சோறு வெந்து, ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்துதான் அது. அப்பாவு கூடுதலாகக் கேட்டது, ஊர் என்றால் யார் யார், உலையை ஏற்றுபவர் யார் என்பது. 1840-களில் அமெரிக்கர்கள் ஆணையாகப் போட்ட அதே சமபந்தியை, அவர் தாழ்த்தப்பட்டவரின் அழைப்பாக மாற்றினார். விருந்தோம்புபவர் இடம் மாறியதும் விருந்தின் பொருளும் மாறிவிட்டது.

இத்தனை மரபுகள் ஓடி வந்த பிறகும் 2008-இல் எறையூரில், ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கரிடையே சாதிச் சண்டை மூண்டு துப்பாக்கிச்சூடு வரை போனது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. திருவிருந்துப் பாத்திரம் இன்று பெரும்பாலும் ஒன்றாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்துச் சுவர்கள் சில ஊர்களில் நிற்கின்றன. கல்யாணம்தான் ஒரு மரபுமே நெருங்காத தேர்வு. சபைப் பத்திரிகைகளின் மணமகன் தேவை, மணமகள் தேவைப் பக்கங்களைப் புரட்டினால், மறுபிறப்பு அடைந்த, ஜெபிக்கிற, பக்தியுள்ள என்ற சொற்களுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் அச்சாகிறது. அந்த வரியை எடுத்துவிட்டு விளம்பரம் போடுவோம் என்று முடிவு செய்ய ஒரு பத்திரிகைக்குப் பேராயர் மன்றமோ நீதிமன்றத் தீர்ப்போ தேவையில்லை. ஆசிரியர் குழு ஒரு முறை கூடினால் போதும்.