முகம் எங்கே?

பிக்காஸோ 1910ஆம் ஆண்டில் பாரிஸில் தீட்டிய தானியேல்-ஹென்றி கான்வைலரின் உருவப்படம் இன்று சிக்காகோ கலைக்கூடத்தில் உள்ளது. அதன் முன் நிற்போர் முதலில் எழுப்பும் வினா, “முகம் எங்கே?” என்பதே. சாம்பலும் பழுப்புமான சிறுசிறு தளங்கள் ஒன்றன்மேலொன்று சரிந்து கிடக்கின்றன. உடல் எங்கே முடிகிறது, பின்னுள்ள அறை எங்கே தொடங்குகிறது என வரையறுத்தல் அரிது.

ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து ஒரே வேளையில் காட்டுவதே கியூபிஸம் என்பர். இவ்விளக்கம் பிழையன்று, ஆயினும் இப்படத்திற்குப் போதாது. எவ்வளவு பொருத்திப் பார்த்தாலும், இது முன்தோற்றம், இது பக்கத்தோற்றம் எனத் துண்டுகளைப் பிரித்தெடுக்க இயலவில்லை.

பின், இதனை ஒரு மனிதரின் படமென எவ்வாறு அறிகிறோம்? சற்றே பொறுத்து நோக்குக. மேலே அலையென வாரிய தலைமயிர். நடுவே கடிகாரச் சங்கிலி. கீழே கோத்த கைகள். கைகளைக் கண்டுகொண்டதும் அவற்றுக்கு மேலே மார்பு புலனாகிறது; மார்பு புலனானதும் தலையின் இடம் தெரிகிறது. பிரான்ஸுவாஸ் ழிலோ 1964இல் வெளியிட்ட நினைவுநூல் இதற்குச் சான்று தருகிறது. படம் முதலில் புகையாய்க் கலைந்துவிடும் நிலையில் இருந்ததென்றும், கண்கள், மயிரின் அலை, காதுமடல், கோத்த கைகள் ஆகிய குறிப்புகளைத் தாம் பின்னரே சேர்த்ததாகவும் பிக்காஸோ கூறியதாக அவர் எழுதுகிறார். ஆகவே, முகத்தைச் சிதைப்பது ஓவியரின் நோக்கமன்று. கலையவிருந்த உருவத்தை எத்துணைக் குறைந்த குறிப்புகளால் நிறுத்தலாம் என்பதே அவர் மேற்கொண்ட சோதனை.

இச்சோதனைக்குப் பலமுறை பொறுமையுடன் அமர்ந்து கொடுத்த கான்வைலருக்கு அப்போது வயது 26. ஜெர்மனியில் பிறந்து, 1907இல் பாரிஸில் ஓவியக்கூடம் திறந்து, பிறர் நகைத்த இவ்வகை ஓவியங்களை வாங்கி விற்றவர் அவர். 1920இல் கியூபிஸத்தை விளக்கி ஒரு நூலும் எழுதினார்.

இப்படத்தில் ஓர் இழப்பும் உண்டு. அவர் மென்மையானவரா, கண்டிப்பானவரா என்பதைப் படம் சொல்லவில்லை. பழைய உருவப்படங்கள் ஒரே நோக்கில் உணர்த்திய குணநலன் இங்கே இல்லை. அதற்கு ஈடாக, காண்பவரின் கண்ணுக்கு வேலை தருகிறது இது. விரைந்து கடப்பவருக்கு உடைந்த கண்ணாடிச் சில்லுகளே மிஞ்சும். நின்று பார்ப்பவர் கைகளிலிருந்து தொடங்கி மெல்ல மேலேறட்டும். கான்வைலர் அங்கே அமர்ந்திருக்கிறார்.